விதைக்கு வைத்த பாட்டு

கொடைக்கானலில் பனிமூட்டத்துக்கு அடுத்தபடியாக எங்கும் பரவியிருந்தது மப்ளரின் கவலைதான். மழை பெய்தால் கவலை. பெய்யாவிட்டால், எப்போது பெய்துதொலைக்குமோ என்று கவலை. தொண்டை கட்டிவிடும் என்ற பயத்தில் கழுத்து மப்ளரை அவர் கழற்றி நாங்கள் பார்த்ததில்லை; அதுவே பேராகிவிட்டது. மேல்மலைக் கிராமமான கிளாவரையில் பூண்டு போடுகிற குடும்பம். எங்கள் ராக் குழுவின் பாடகர் அவர்தான். டிரம்ஸ், பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்த பாய். பேஸ் கிதார் நான். வாசிப்பை விட, அதைச் சுமக்கும் என் இடுப்புதான் சுருதி சுத்தமாக முனகும்.

எங்கள் ஆல்பத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் சோகப் பாட்டு. தலையானது ‘கடைசி பஸ்’. பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டு, வீடு திரும்பாமலே போன தன் அக்காவைப் பற்றி மப்ளர் எழுதியது. சோகத்தில் சேராத அந்த ஒன்று, பன்னைப் பிடுங்கிய குரங்கைப் பற்றிப் பாய் விளையாட்டாக எழுதியது.

ஆல்பத்துக்கு முன்னால் தனியாக விடுகிற முதல் சிங்கிள் எது? “கடைசி பஸ்தான்” என்றோம். மப்ளர் பதறிவிட்டார்.

“நல்லாருக்குண்ணே. முத்துன பூண்டை எவனாச்சும் மொதல்ல சந்தைக்கு ஏத்துவானா? அத விதைக்குல்ல கட்டித் தொங்கவிடணும். முன்னாடி சொத்தைதான் போகணும்.”

“ஏலே, பாட்டு என்ன அழுகியா போகும்?” என்றார் பாய்.

“எல்லாரும் மொத நாளே கேட்டுத் தீத்துட்டா?”

குரங்கு போனது. வெரசாகவே போனது. ஏரியைச் சுற்றி வந்த எல்லார் போனிலும் அதே குரங்கு. ஆல்பம் வெளியானபோது ஊரே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தது. நடுவில் பஸ் ஹாரன் அலறும் ‘கடைசி பஸ்’ஸுக்கு ஒருவர் எழுதியிருந்தார்: “அந்த ஹாரன் டைமிங் செம காமெடி ப்ரோ.”

மப்ளருக்குச் சோறு இறங்கவில்லை. “அண்ணே, எங்கக்கா கதைக்குச் சிரிக்கிறாங்கண்ணே.”

சீசனில் ஓர் ஓட்டல் புல்வெளியில் கச்சேரி. கூட்டம் “குரங்கு, குரங்கு” என்று கத்தியது.

“மொதல்லயே குரங்க அவுத்து விட்ருவோம். சோலி முடிஞ்சிரும்” என்றார் பாய்.

மப்ளர் கேட்கவில்லை. ‘கடைசி பஸ்’ஸைத் தொடங்கினார். முதல் வரிக்கே முன்வரிசை சிரித்தது. வெளிறிப்போய் என் பக்கம் திரும்பினார்.

“நிறுத்திரவாண்ணே?”

நடுவில் நிறுத்துவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனாலும், “பாடுப்பா” என்றேன்.

அவர் கழுத்து மப்ளரை அவிழ்த்து என் கிதாரின் கழுத்தில் மாட்டிவிட்டுப் பாடினார். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. பின்னால் ஒருவர் மட்டும் ஜோக் வருமென்று கடைசிவரை காத்திருந்தார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. முன்வரிசை அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “தம்பி, இத ஏன் மொதல்ல விடல?” என்று கேட்டார்.

“விதைக்கு வச்சிருந்தேங்க” என்றார் மப்ளர். பிறகு என் காதருகே வந்து, “ஒருத்தர்கூட கைதட்டலையேண்ணே. பிடிக்கலையோ?”

மறுநாள் வெள்ளனே பூண்டு நடவுக்குக் கிளாவரைக்குப் பஸ் ஏறிவிட்டார். மப்ளர் என் கிதாரிலேயே கிடக்கிறது. மேல்மலைப் பக்கம் பனி இறங்கும்போதெல்லாம், அந்தத் தொண்டை என்ன ஆகிறதோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.