பிளவுஸ் கடையில் ஒரு சர்வர்

ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் கதவு மூடும் நேரத்தில் கபிலனின் போன் அதிர்ந்தது. ஆப் மறுபடியும் விழுந்திருந்தது. யாரோ அதைப் பற்றி விமர்சனமும் எழுதிவிட்டார்கள்.

"ஆப் மீண்டும் இயங்கவில்லை. என் பிளவுஸ் எந்த நிலையில் உள்ளது என்பதை அறிய இயலவில்லை. ஒரு நட்சத்திரம்."

எழுதியவர் ஒரு தமிழ் டீச்சர். போன வாரமும் இவர்தான் எழுதினார். அதிலும் ஒரு பிழை கிடையாது.

அடுத்த நிலையம் வருவதற்குள் பாஸ் அஹ்சன் கூப்பிட்டார்.

"கபிலன், பாத்தியா?"

"பாத்தேன் பாஸ். கடைக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன்."

"ஆப்புக்குக் கீழ நம்ம கம்பெனி பேரு இருக்கு. மத்த கிளையன்ட் எல்லாம் பாப்பாங்க லா."

"தெரியும் பாஸ்."

"உன் ப்ரொபேஷன் தீபாவளியோட முடியுது. அதுவரைக்கும் ஆப் விழாம நின்னா நீயும் நிப்ப. விழுந்தா..."

அஹ்சன் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். மீதியை ஊழியர்களே முடித்துக்கொள்ள வேண்டும். கபிலன் அதை மனதுக்குள் மூன்று விதமாக முடித்துப் பார்த்தான். மூன்றிலும் அவனுக்கு வேலை இல்லை.

ஆப் சின்னதுதான். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் சுந்தரமும் அவர் மனைவி மங்களமும் நடத்தும் பிளவுஸ் தையல் கடைக்காகச் செய்தது. துணி கொடுத்துவிட்டுப் போனவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்: இன்னும் வெட்டவில்லை, வெட்டியாயிற்று, தைக்கிறோம், கொக்கி வைக்கிறோம், தயார். பின்னறையில் இருக்கும் தையல்காரர்கள் ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேப்லெட்டில் தட்டுவார்கள். அவ்வளவுதான்.

பேக்கெண்டைத் தேர்ந்தெடுத்ததுதான் பெரிய கதை.

"ஆப் உங்க கவுன்ட்டர் மாதிரி அங்கிள்" என்று கபிலன் முதல் சந்திப்பில் விளக்கினான். "பேக்கெண்ட் பின்னாடி இருக்கிற தையல் ரூம். கஸ்டமர் கண்ணுக்குத் தெரியாது. ஆனா வேலை பூரா அங்கதான் நடக்கும்."

"புரியுது தம்பி. பின்னாடி ரூமை யாருக்கும் காட்டக்கூடாது."

கபிலன் ஓப்பன் சோர்ஸ் பேக்கெண்டுகள் நான்கை ஒப்பிட்டு ஓர் அட்டவணை கொண்டுவந்திருந்தான். முதலாவது அரசாங்க அலுவலகம் நடத்தும் அளவுக்குப் பெரியது. இரண்டாவதற்கு வழிகாட்டிக் குறிப்புகளைப் பாதிவரை எழுதியிருந்தார்கள். மீதியை எழுத வேண்டியவர் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டார் போலிருந்தது. மூன்றாவது அடிக்கடி புதிய பதிப்பு வெளியிட்டு, அதுவரை ஓடிக்கொண்டிருந்ததை எல்லாம் நிறுத்தியது. நான்காவது ஒரே ஒரு கோப்பு. சிறிய கணினிப் பெட்டி ஒன்றில் போட்டால் ஓடும். கபிலனுக்கு அதன்மேல் கிட்டத்தட்ட காதல்.

"இது எல்லாமே ஓப்பன் சோர்ஸ். உள்ள இருக்கிறதை யார் வேணா திறந்து பாக்கலாம்."

மங்களத்தின் கையில் கோப்பிக் குவளை பாதி வழியில் நின்றது.

"இடுப்பு அளவையுமா?"

"இல்ல ஆன்ட்டி. புரோகிராமை மட்டும்தான். அளவெல்லாம் பத்திரமா இருக்கும்."

"நீங்க பாப்பீங்களா?"

கபிலனின் காது சூடானது. "பாக்க மாட்டேன் ஆன்ட்டி."

அதன்பிறகு நேர்மையான ஆலோசனையையும் சொன்னான். "வெளியில ஒரு கம்பெனி சர்வர்ல வாடகைக்கு வச்சுக்கலாம் அங்கிள். அவங்களே பாத்துப்பாங்க. ராத்திரி பகல் ஓடும், விழவே விழாது."

"அது வேண்டாம்" என்றார் சுந்தரம். "பொம்பளைங்க அளவு கடையை விட்டு வெளிய போகக்கூடாது. என்னை நம்பிக் குடுக்கிறாங்க."

"அப்ப செல்ஃப் ஹோஸ்டிங்தான். பெட்டி உங்க கடையிலேயே இருக்கும்."

"சத்தம் போடுமா? சுடுமா? சுவிட்ச் எங்க இருக்கும்?"

"சத்தம் கிடையாது. கொஞ்சம் சுடும். சுவிட்ச் முன்னாடியே இருக்கு. ஆனா ஒண்ணு அங்கிள், கடையில வச்சா அப்பப்ப பிரச்சினை வரலாம்."

"வந்தா யாரைத் திட்டுவாங்க?"

"எங்களைத்தான். ஆப்புல எங்க பேருதானே இருக்கு."

"பாவம்" என்றார் மங்களம்.

சுந்தரம் உடனே சம்மதித்தார். தன் அட்டவணையின் வெற்றி அது என்று கபிலன் நினைத்துக்கொண்டான்.

ரயிலிலிருந்து இறங்கி, பூக்கடைகளையும் காய்கறிப் பெட்டிகளையும் தாண்டி அவன் கடைக்குள் நுழைந்தபோது, டீச்சரே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"நீதான் அந்தக் கம்ப்யூட்டர் தம்பியா?"

"ஆமா டீச்சர்."

"இவரைப் பாரு. வயசானவர். உன்னை நம்பித்தானே இதெல்லாம் வச்சிருக்காரு? நான் வந்து கேக்குறேன், 'சிஸ்டம் டவுன்மா, எனக்கு ஒண்ணும் தெரியல'ங்கிறாரு. அவர் முகத்தைப் பாக்கவே கஷ்டமா இருக்கு."

சுந்தரம் கவுன்ட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் அவரிடம், "நீங்க கவலைப்படாதீங்க, நான் அடுத்த வாரம் வரேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, கபிலனை ஒருமுறை முறைத்துவிட்டுப் போனார்.

கவுன்ட்டருக்கு அடியில் பெட்டி இருட்டாக இருந்தது. பிளக் கழன்று கிடந்தது.

"அயர்ன் பாக்ஸுக்கு வேணும்னு யாராவது எடுத்திருப்பாங்க தம்பி. விடுங்க. சாப்பிட்டீங்களா?"

கபிலன் சாப்பிடவில்லை. பிளக்கை மாட்டி, அதன்மேல் 'கழற்றாதீர்கள்' என்று எழுதி ஒட்டினான். தமிழ் தெரியாதவர் யாராவது கழற்றினால் என்ன செய்வது என்று ஆங்கிலத்திலும் எழுதினான். அயர்ன் பாக்ஸுக்கு என்று தனியாக ஓர் எக்ஸ்டென்ஷன் வாங்கிக் கொடுத்தான்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் பிளக் அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது.

"துடைக்கும்போது கை பட்டிருக்கும்" என்றார் சுந்தரம் போனில். "அவசரமே இல்ல தம்பி. மெதுவா வாங்க. நாளைக்குக்கூட வாங்க."

இப்படி ஒரு கிளையன்ட்டைக் கபிலன் கண்டதில்லை. அலுவலகத்தில் மற்றவர்களுடைய கிளையன்ட்டுகள் ஒரு பொத்தானின் நிறத்துக்காகக் கத்துவார்கள். இந்த மனிதர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. அஹ்சனிடம் ஒரு புகாரும் சொல்லவில்லை. அதனாலேயே கபிலனுக்குக் குற்ற உணர்ச்சி கூடியது.

அவன் பேட்டரி ஒன்று வாங்கிச் சுவர் பிளக்குக்கும் பெட்டிக்கும் இடையில் பொருத்தினான். சுவிட்சையே தொட முடியாதபடி ஒரு பிளாஸ்டிக் மூடியும் போட்டான். இனி சுவரில் மின்சாரத்தை நிறுத்தினாலும் பெட்டி ஓடும். மின்சாரம் நின்றதைத் தெரிவிக்க பேட்டரி மட்டும் கீச் கீச்சென்று கத்தும்.

மறுநாளே கத்தியது.

"தம்பி, இது பச்சைக் குழந்தை அழுவுற மாதிரி இருக்கு" என்றார் மங்களம். "கஸ்டமர் எல்லாம் யாரு குழந்தைன்னு கேக்குறாங்க."

"ஆன்ட்டி, சுவர் சுவிட்சைப் போட்டா நின்னுடும்."

"அப்படியா? நாங்க லைனிங் துணியைச் சுத்தி வச்சிட்டோம். இப்ப சத்தம் இல்ல."

சத்தம் இல்லைதான். பேட்டரியோடு பெட்டியையும் சேர்த்து நான்கு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். அவன் போய்ப் பிரித்தபோது பெட்டி இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி விட்டது. அது மறுபடி கண் திறக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் ஏழு பேர் ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். டீச்சர் மட்டும் ஒரு பத்தி எழுதியிருந்தார்.

"கபிலன்" என்றார் அஹ்சன், அலுவலகத்தில் எல்லார் முன்னாலும். "நான் ஒண்ணும் சொல்லல."

அதுதான் அவர் சொன்னதிலேயே மோசமானது.

அடுத்தது ஆயுத பூஜை. காலையில் ஆப் விழுந்தது. கபிலன் டாக்சி பிடித்துப் போனான். பெட்டியின் நெற்றியில் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம். கழுத்து என்பது காற்று போகும் துளைகள் இருக்கும் இடம். அவற்றிலும் சந்தனம். அவன் போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அதில் விபூதி வைத்திருந்தார்கள்.

"அங்கிள், ஏன் ஆஃப் பண்ணீங்க?"

"இன்னைக்கு வேலை செய்யிற சாமான் எல்லாத்துக்கும் லீவு தம்பி. கத்திரிக்கோல், மெஷின், அயர்ன் பாக்ஸ். இதுக்கு மட்டும் லீவு இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

"கஸ்டமர் எல்லாம் பாக்குறாங்களே அங்கிள்."

"பாத்தா, டவுன்னு புரிஞ்சுப்பாங்க. சுண்டல் எடுத்துக்குங்க."

அவன் சுண்டல் தின்றான். பிறகு தரையில் உட்கார்ந்து ஒரு பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துளைகளிலிருந்து சந்தனத்தைச் சுரண்டினான். பக்கத்தில் இன்னும் பிரிக்காத துணிப்பைகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தீபாவளி நெருங்குகிறது, நல்ல வியாபாரம் என்று நினைத்தான். அதற்குமேல் அவன் நினைக்கவில்லை. அவன் மூளை முழுவதும் துளைகளில் இருந்தது.

செம்பவாங்கில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. இந்தப் பெட்டியைக் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

அளவுகள் கடையை விட்டுப் போகக்கூடாது என்பதுதானே சுந்தரத்தின் நிபந்தனை? போகாது. எந்த பிளவுஸ் எந்த நிலையில் இருக்கிறது என்ற ஒரே ஒரு வரி மட்டும் அலுவலகத்தில் உள்ள இன்னொரு சர்வரில் பிரதியாக இருக்கட்டும். கடையில் பெட்டி விழுந்த கணமே அந்தப் பிரதி பதில் சொல்லும். டேப்லெட்டும் நேராக அதற்கே செய்தி அனுப்பும். கடையில் பெட்டியைக் குளிப்பாட்டினாலும் ஆப் நிற்காது.

அஹ்சனுக்கு யோசனை பிடித்திருந்தது. சுந்தரத்திடம் கபிலன் சொல்லவில்லை. பாவம், இவ்வளவு பொறுமையாக இருந்த மனிதர். நேரில் சொல்லி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை போனான். சாலையின் குறுக்கே விளக்கு அலங்காரம், அதன் கீழே நகர முடியாத கூட்டம். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் பெண்கள், எல்லார் கையிலும் போன்.

"சிஸ்டம் டவுன்மா" என்று சுந்தரத்தின் குரல் கேட்டது. "நான் என்ன பண்ண முடியும்? நாளைக்கு வாங்க."

"டவுன் இல்லையே" என்றார் டீச்சர். போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். "இதோ இருக்கு. 'இன்னும் வெட்டவில்லை.' நான் துணி குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு."

"எனக்கும் வெட்டவில்லைன்னுதான் இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கும்."

"எனக்குக் கல்யாண பிளவுஸ். அதுவும் வெட்டல."

அந்தச் சொல் கடையைச் சுற்றி வந்து வாசல்வரை போனது. சுந்தரம் மெல்லக் குனிந்து கவுன்ட்டருக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது கபிலன் எதிரில் நின்றான்.

"தம்பி" என்றார் தாழ்ந்த குரலில். "பெட்டி ஆஃப்லதானே இருக்கு?"

"இருக்கட்டும் அங்கிள்." கபிலனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இனிமே யார் கை பட்டாலும் விழாது. பிளக்கைப் பிடுங்கினாலும் விழாது. நீங்க கடையைப் பூட்டிட்டுப் போனாலும் ஓடும்."

"விழவே விழாதா?"

"விழவே விழாது அங்கிள்."

சுந்தரம் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று கபிலன் நினைத்தான். அதற்குள் டீச்சர் கவுன்ட்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டுப் பின்னறைக்கு நடந்தார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். உள்ளே துணிப்பைகளைக் கொட்டித் தேடும் சத்தம் கேட்டது.

கபிலனின் போன் அதிர்ந்தது. அஹ்சன். "வாரம் பூரா பச்சை. ஒரு நிமிஷம்கூட டவுன் இல்ல. லெட்டர் ரெடி, திங்கக்கிழமை வந்து வாங்கிக்க."

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மங்களம் மட்டும்தான் நகராமல் நின்றிருந்தார், கழுத்தில் அளவு டேப்போடு.

"ஆன்ட்டி, எனக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு."

"நல்லா இருங்க தம்பி" என்றார் மங்களம். பின்னறையில் எதுவோ சரிந்து விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இந்த ஊர்ல கரன்ட் போகாது, பஸ் நிக்காது, மழை பெஞ்சா நடக்குற வழி பூரா கூரை. பிளவுஸ் ஏன் லேட்டுன்னா நாங்க எதைச் சொல்றது? சிஸ்டம் டவுன்னு சொன்னா மட்டும்தான் இங்க யாரும் சண்டை போடாமப் போறாங்க. அப்படிச் சொல்ல முதல்ல ஒரு சிஸ்டம் வேணுமேன்னுதானே உங்களைக் கூப்பிட்டோம்."