குளிரை வெளியே வைத்துப் பூட்டியவன்

வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்பார்கள். நான் கேட்காமலே ஒரு வீட்டையே அடைத்தவன்.

தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தேன். ஆணியும் தகரமும் விற்று விற்று என்னை நானே பாதி இன்ஜினியராக நினைத்துக்கொண்டிருந்த காலம். மூத்த மகள் பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு சீலிங் கிடையாது. சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. அதன் வழியாகப் பனி (வாடகை தராமல்) உள்ளே வந்து எங்களோடு குடியிருந்தது. காலையில் பிள்ளையின் விரலைத் தொட்டால் ஜில்லென்றிருக்கும். எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து மாஸ்டர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்று, பக்கத்து வீட்டிலேயே இருந்தார். சீலிங் அடித்துத் தரக் கேட்டேன்.

"முந்தி இருந்த ஆக்கள் ஒண்டும் சொல்லேல்லையே தம்பி."

"அப்ப ஒரு ஹீட்டராவது போட்டுக்கிறோங்க சேர்."

"ஐயோ, கரண்ட் பில் எனக்கெல்லோ வரும்!"

சரி, புதிதாகச் சூடு உண்டாக்கினால்தானே செலவு, இருக்கிற சூட்டைப் பிடித்து வைத்தால் போச்சு என்று எனக்கு ஞானம் பிறந்தது. ஒரு சனிக்கிழமை கூரை இடைவெளியில் உரச் சாக்குகளைத் திணித்தேன். ஜன்னலை ஆணியால் அறைந்து, விளிம்பெல்லாம் கோதுமை மாப் பசையால் பேப்பர் ஒட்டினேன். அன்று ராத்திரி பிள்ளை சுகமாகத் தூங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்ட வட்டகொடையிலிருந்து மனைவியின் அக்கா வந்தார். குளிப்பாட்டி முடித்ததும், "ஈரத் தலைக்குக் காத்துப் பட்டா சளி புடிச்சிரும்" என்று கதவைச் சாத்தினார். சட்டியில் நெருப்புத் தணல் போட்டு, சாம்பிராணியைக் கை நிறைய அள்ளிப் போட்டார். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அவர் போடுகிற அளவுதான். அங்கே புகை கூரை வழியே போய்விடும். இங்கே போக ஒரு பொட்டு இடம் வைக்கவில்லையே நான்!

ஒரு நிமிஷத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பிள்ளை இருமியது. பிறகு இருமலும் நின்றது.

"ஏங்க, புள்ள மூச்சு விடலைங்க!"

நான் ஜன்னலில் பாய்ந்தேன். என் ஆணி அசையவில்லை. (அவ்வளவு நேர்த்தியாக அதற்கு முன்னும் பின்னும் நான் எந்த வேலையும் செய்ததில்லை.) வீட்டுக்குக் கதவு என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லாமல் ஆணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்து வெளியே ஓடினாள்.

முற்றத்துத் தூறலில் பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. உள்ளங்காலைத் தட்டித் தட்டி, "அழு சாமி, அழுடி" என்று கெஞ்சினாள் மனைவி. கடைசியில் பிள்ளை வீறிட்டது. நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்காவும் அழுதார்.

ஓடிவந்த மாஸ்டர் குடையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். புகை அடங்கியதும் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார்.

"உள்ளுக்கை நல்ல சூடாத்தான் கிடக்கு" என்றார்.

அடுத்த வாரமே, புகை போக வழி விட்டு, சீலிங் அடித்துத் தந்தார். "நீர் மட்டும் ஒண்டிலயும் கை வைக்காதையும்" என்பது நிபந்தனை.

அந்த மகள் இப்போது கொழும்பில் வாடகை அறையில் இருக்கிறாள். நாங்கள் போனால், "அப்பா வந்துட்டாரு, ஜன்னலெல்லாம் பத்திரம்!" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். எல்லோரும் சிரிப்போம். மனைவியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய், ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் உட்காருவாள்.