சந்துக்குச் சந்து சந்தேகம்

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ரெனால்ட், பென்ஷன் எடுத்த அன்று கதிரையில் உட்கார்ந்தவர். எட்டு மாதமாகியும் எழும்பவில்லை. சாப்பாடு கதிரைக்கு வந்தது. பேப்பர் கதிரைக்கு வந்தது. கடைசியில் சந்தேகமும் அங்கேயே தேடி வந்தது.

இடையில் ஒருநாள் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனபோது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. “டொக்டரிட்டக் காட்டுவம்” என்றாள் மனைவி கொன்ஸ்ரன்ஸ்.

“நடந்தாத்தானே நோகுது” என்று ரெனால்ட் நடையையே விட்டுவிட்டார்.

அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை பின்னேரம். மார்க்கெட்டுக்கே ஓட்டோவில் போகும் கொன்ஸ்ரன்ஸ் நல்ல சாரி உடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எங்க போறீர்?”

“சும்மா நடக்க.”

“ஆரோட?”

“நீங்க இருங்கோ.”

எட்டு மாதமாக “எழும்புங்கோ” என்றவள் “இருங்கோ” என்கிறாள். ரெனால்ட் எழும்பிவிட்டார்.

ஜம்பட்டா வீதியில் இருபது அடி பின்னால் போனார். பேக்கரி தாண்டவில்லை, கெண்டைக்காலுக்குள் ஒரு கெண்டை மீனே துள்ளியது. பக்கத்துக் கடையின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு கல்யாண கவுன் தொங்கியது.

“மஹத்தயா, மொனவாத ஓன?” என்ன வேண்டுமென்று கடைப்பெண் சிங்களத்தில் கேட்டாள்.

“ஒண்டும் வேணாம், சும்மா பாக்கிறன்.”

நல்லகாலம், கொன்ஸ்ரன்ஸ் அந்த நேரம் வாழைப்பழ வண்டியில் பேரம் பேசிக்கொண்டு நின்றாள். கால்நோ இறங்கியதும் அவளும் நடந்தாள். ரெனால்ட் பின்னால் போனார். திரும்பும்போது ஓட்டோ பிடித்து முந்திவந்து கதிரையில் விழுந்தார்.

“ஏன் இப்பிடி வேர்க்குது?”

“ஃபேன் சரியில்லை.”

செவ்வாய் ஒரு சந்து கூடுதலாகப் போனாள். புதன் இன்னொன்று. சந்துக்குச் சந்து சந்தேகம் வளர்ந்தது. அவர் நிற்கும்போதெல்லாம் அவளும் எதையாவது விலை கேட்டு நின்றாள். தன் அதிர்ஷ்டத்தை ரெனால்ட் மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை அவள் ஒரு மாடிப்படியில் ஏறி மறைந்தாள். மேலே ஓர் ஆண்குரல் சிரித்தது. பதினாறு படியையும் பல்லைக் கடித்து ஏறி, கதவைத் தள்ளினார்.

உள்ளே கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஓர் இளைஞன்.

“டொக்டர் தர்ஷன், இவர் வந்திட்டார்” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “எவ்வளவு தூரத்தில நோகுதெண்டு கேட்டீங்களே? திங்கள் இருநூறு மீற்றர். இண்டைக்கு ஒரு கிலோமீற்றர், ஒருக்காத்தான் நிண்டவர். ரெண்டு நிமிஷத்தில நோ போயிடுது.”

டொக்டர் ரெனால்டின் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார். காலை அமத்திப் பார்த்தார்.

“ரத்த ஓட்டம் நல்லா இருக்கு அங்கிள். இருந்து இருந்து தசை பலம் கெட்டிருக்கு. இதே மாதிரி ஆறு கிழமை நடவுங்கோ.”

ரெனால்ட் மிஞ்சியிருந்த மானத்தைக் கூட்டிப் பிடித்தார். “நடப்பன். ஒருத்தரும் கூட வரத் தேவையில்லை. தனிய நடப்பன்.”

கொன்ஸ்ரன்ஸ் டொக்டரைப் பார்த்துச் சொன்னாள்: “தனிய நடக்க மாட்டார், டொக்டர். நாளையில இருந்து நான் லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு போறன்.”