ஆரோக்கியப் பட்டியலில் பதினான்காம் ஆள்

உடம்பில் சுரக்கும் ஒரே ஒரு நொதியை, அதாவது என்சைமை, ஆராய்ந்தே ஆயுளைக் கழிக்கும் ஒற்றை நொதிக்காரர் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு ஒருவர் போதும். இரண்டு பேர் இருந்தால் தெரு தாங்காது. அந்த இனத்தைச் சேர்ந்த நம் ஆளுக்கு வாக்கப்பட்டவள் அவர் வாயால் ஒரு பெயரை முதன்முதலில் கேட்டது கல்யாணப் பேச்சு நடந்த அன்று. மாப்பிள்ளையின் பெயரை அல்ல. அதைச் சொல்ல அவர் மறந்துவிட்டார். அவர் சொன்ன பெயர் அமைலேஸ். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும் கணையம் அதைச் சுரக்கிறது, தின்ற மாவுச்சத்தை அது சர்க்கரையாக உடைக்கிறது, கணையத்துக்குச் சீக்கு வந்தால் ரத்தத்தில் எகிறிவிடுகிறது என்று அரை மணி நேரம் உருகி உருகிப் பேசினார். யாரோ இவருக்கு வேண்டியவள் போலிருக்கிறது என்று அவள் பயந்தே போனாள். பயந்ததில் தப்பில்லை. முப்பது வருஷம் அந்தச் சக்களத்தியோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? நீங்கள் உருளைக்கிழங்கை வாயில் போடுமுன் அதன் கதி என்னவாகும் என்று சொல்லிவிடுவார், சாவு வீட்டில், “கடைசியா அமைலேஸ் எவ்வளவு இருந்துச்சு?” என்று விசாரிப்பார், வேலை போய் வாடி நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும்போதுகூடக் கண் அவருடைய மேல்வயிற்றிலேயே நிற்கும், வீட்டு ஃபிரிட்ஜில் பாலுக்கும் முட்டைக்கும் நடுவே ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களை அடுக்கிவிட்டு, “தொட்டுடாதே, அதுல உங்க அத்தை இருக்காங்க” என்று பெண்டாட்டியை எச்சரிப்பார். இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

ஆராய்ச்சிக்கு நோயாளிகள் ஆஸ்பத்திரியில் கிடைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சீக்கில்லாத நாற்பது பேர் வேண்டுமே? அதற்குத்தானே மாமியார் வீடு! கல்யாணமான மூன்றாம் நாளே மச்சானின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். மச்சான் தையல்காரர், தகப்பன் இல்லாத வீட்டில் தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவர்.

“பொண்ணையும் குடுத்து ரத்தமும் குடுக்கணுமா மாப்பிள்ளை?”

“அஞ்சு மில்லிதான் மச்சான். பொண்ணை மாதிரி திருப்பிக் கேக்க மாட்டீங்களே?”

மச்சான் ‘ஆரோக்கியமானவர்கள்’ பட்டியலில் பதினான்காவது ஆளானார். வருஷா வருஷம் ரத்தம் எடுத்து அந்தப் பதவியை மாப்பிள்ளை புதுப்பித்தார்.

மாப்பிள்ளை ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது மச்சானுக்கு வலி வந்தது. மேல்வயிற்றில் பிடித்து முதுகுவரை துளைத்தது. தையல் மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்தவரைத் தங்கை வீட்டு சோபாவில் கொண்டுவந்து போட்டார்கள். நம் ஆள் ரத்தம் எடுத்தார், சோதனைக்கூடத்துக்கு ஓடினார், குழாயும் கையுமாக, முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

“அமைலேஸ் எண்பது! குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க மச்சான்.”

“உசிரு போவுது மாப்பிள்ளை.”

“போகாது. இருபத்தெட்டு வருஷமா ஆரோக்கியப் பட்டியல்ல இருக்கீங்க, திடீர்னு எப்படிப் போகும்? இது வாயு.”

அவள் குழாயைப் பார்த்தாள். ரத்தம் அடியில் படிந்து, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பாலைக் கொட்டின மாதிரி வெளுத்திருந்தது.

“ஏங்க, இதென்ன வெள்ளையா நிக்குது?”

“கொழுப்பு. அது வேற டிபார்ட்மெண்ட்.”

வேறு டிபார்ட்மெண்ட்! சோபாவில் அண்ணன் வேர்வையில் நனைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. குழாயைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணனைத் தூக்கி வண்டியில் ஏற்றினாள்.

“அய்யய்யோ, அது என்னோட சாம்பிள்!”

“இது என்னோட அண்ணன்.”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கணையம் வீங்கிக் கிடந்தது. “ரத்தத்துல இவ்வளவு கொழுப்பு இருந்தா மெஷின் குறைச்சுக் காட்டிடும்மா. சாம்பிளை நீர்க்க வெச்சு மறுபடி பாக்கணும்” என்றார். பார்த்தார்கள். எண்பது, ஆயிரத்து இருநூறானது. வாயு என்று இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால்? டாக்டரம்மா சலைன் பாட்டிலை மாற்றச் சொன்னார்.

பின்னாலேயே ஓடிவந்த மாப்பிள்ளை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அழுதார். ஆனந்தக் கண்ணீர்.

“பாத்தியா! என் அமைலேஸ் பொய் சொல்லலை. மெஷின்தான் பொய் சொல்லியிருக்கு!”

மச்சான் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “மாப்பிள்ளை, அந்தப் பட்டியல்ல என் பேரை அடிச்சிடுங்க. இனிமே நான் நோயாளியாவே இருந்துக்கறேன். அதான் உசிருக்கு நல்லது.”

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. கல்யாணமாகி அன்றுதான் முதல் தடவையாகத் தன் அண்ணன் முகத்தை அவர் பார்த்தார் என்று அவள் சொல்கிறாள். பட்டியலில் நாற்பது பேர் முப்பத்தொன்பதாகிறதே என்ற கவலைதான் என்று அண்ணன் சொல்கிறார். யார் கண்டது? எதுவானாலும், நாலு நாள் கழித்து டாக்டரம்மா கஞ்சி கொடுக்கலாம் என்றதும் டம்ளரைப் பிடித்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியவர் அவர்தான். அப்போது மாவுச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிள்ளை காய்ச்சலில் முனகும்போது நெற்றியைத் தொடாமல் தெர்மாமீட்டரைத் தேடுகிறவர், செருப்பு காலைக் கடிக்கிறது என்றால் “உன் சைஸ்தானே வாங்கினேன்” என்று பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறவர், பத்து வருஷமாகப் போய்ப் பார்க்காமலேயே “அம்மா நல்லாத்தான் இருக்காங்க” என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் உங்கள் வீட்டில் யார்? அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். இந்தக் கேள்வி அவர்களுக்கு இல்லை.

நம் ஆள் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது மச்சானின் தையல் கடையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறார்.