தீவுக்காரரை வழியனுப்பிய கதை

பிள்ளைகளே, விளங்காததற்கு விளங்கியதுபோலத் தலையாட்டும் ஆட்கள் உலகத்தில் நிறைய. அவர்களில் நானும் ஒருவன். சுவிசுக்கு வந்த புதிதில், ஜேர்மன் விளங்காத இடத்திலெல்லாம் "யா, யா" என்று சொல்லியே காலத்தை ஓட்டினேன். (ஒருமுறை முடி வெட்டுகிற கடையில் அப்படிச் சொல்லி மொட்டையாக வீடு வந்தேன். அது சின்ன வெட்கம். இது பெரியது.)

என் மகள் அபி, துன் நகரில் ஓர் அமெச்சூர் வானொலிச் சங்கத்தில் இருக்கிறாள். இணையம் இல்லாமல், வானொலி வழியாக வேறு நாட்டு ஆட்களோடு கதைப்பதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. அதிலும் மோர்ஸ் என்றால் அவளுக்கு உயிர். ஒவ்வொரு எழுத்துக்கும் குட்டைச் சத்தமும் நீட்டுச் சத்தமும் இருக்கும். வடதுருவப் பக்கத் தீவொன்றில் இருக்கும் ஒருவரை அவள் பனிக்காலம் முழுக்கக் கூப்பிட்டாள். பதிலே இல்லை.

அவளுக்குப் பெருமை சேர்க்க நானும் மோர்ஸ் படிக்க வெளிக்கிட்டேன். எனக்கு வாத்தியார், குசினியில் இருக்கும் பேசும் பெட்டி. "இதை மோர்ஸில் சொல்லு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டால், அது டிட், டா என்று ஒலித்துக் காட்டும். நான் கரண்டியால் மேசையில் திருப்பி அடிப்பேன். வணக்கம், என் பெயர், ஆம், நன்றி எல்லாம் மனப்பாடம்.

"நீங்கள் அடிக்கிறியள், சரி. மற்ற ஆள் அடிச்சா உங்களுக்கு விளங்குமோ?" என்று மனைவி கேட்டாள்.

"அது தானா வரும்" என்றேன். (வரவில்லை.)

சங்கத்தின் திறந்த நாள் வந்தது. அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் அபி பக்கத்தில் இருந்தால் நானும் அனுப்பலாம். கூடியிருந்த சனத்துக்கு முன்னால் காதொலியை மாட்டிக்கொண்டு, "யாராவது இருக்கிறீர்களா?" என்று ராசாபோல அடித்தேன். உடனே பதில் வந்தது. மழை தகரத்தில் கொட்டுகிற மாதிரி! ஓர் எழுத்துக்கூட விளங்கவில்லை.

"ஆரப்பா?" என்றாள் அபி.

"பேர்ண் நகரத்து ஆள் ஒருத்தர். சுகமா இருக்கிறாராம்."

மறுபடி மழை கொட்டியது. "ஆம்" என்று அடித்தேன். மறுபடியும் கொட்டியது. "ஆம்." இன்னொருக்கால். "ஆம். நன்றி." பிறகு ஒரு சத்தமும் இல்லை. சனம் கைதட்டியது. நான் எழும்பிக் குனிந்து வணக்கம் வேறு சொன்னேன்.

அடுத்த மேசையில் அதே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்த சங்கத் தலைவர் ஓடி வந்தார். "அபி, அது அந்தத் தீவுக்காரர்! நான் சொல்வது விளங்குகிறதா என்று கேட்டார், உன் அப்பா ஆம் என்றார். எல்லாம் முடிந்ததா என்றார், ஆம். அப்படியென்றால் நான் போகலாமா என்றார். அதற்கும் ஆம், நன்றி!"

அபி காதொலியை என் தலையிலிருந்து மெல்லக் கழற்றி, கூப்பிட்டாள், திரும்பவும் கூப்பிட்டாள். இரைச்சல்தான் வந்தது.

"விளங்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே, அப்பா?"

"அதை எப்பிடி அடிக்கிறதெண்டு தெரியாது, பிள்ளை."

"ஒரு கேள்விக்குறி போதும். எல்லாரும் முதல் படிக்கிறதே அதைத்தான்."

தீவுக்காரர் இன்றுவரை திரும்ப அகப்படவில்லை. இப்போது பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஏதோ சொல்ல நான் "யா, யா" என்று தலையாட்டத் தொடங்கினால், மேசைக்குக் கீழே என் முழங்காலில் ஒரு விரல் தட்டும்: டிட் டிட் டா டா டிட் டிட். கேள்விக்குறி. அது ஒன்றுதான் எனக்கு உடனே விளங்குகிற மோர்ஸ். காது சூடாக, "மன்னிக்கவேணும், விளங்கவில்லை" என்று நான் ஜேர்மனில் சொல்லும்போது, பக்கத்தில் அபி சிரிப்பை அடக்கிக்கொண்டு இருப்பாள்.