எட்டாவது பச்சை

"எட்டு ப்ரூஃபையும் எடுத்துக்கிட்டு அச்சகத்துக்கு வந்துடு கொரீன். ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் ஃப்ரேம் போட்டு ஆபீஸ் சுவத்துல மாட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திருமதி ஹ்யூப்னர் போனை வைத்தார்.

கொரீனிடம் இருந்ததே ஏழுதான்.

மில்வாக்கி நகரில் ஹ்யூப்னர் வெள்ளரி ஊறுகாய் இல்லாத வீடு குறைவு. அந்த ஜாடிக்குப் புது லேபிள் வடிவமைத்தவள் கொரீன். திருமதி ஹ்யூப்னருக்கு எல்லாம் பிடித்திருந்தது, பச்சையைத் தவிர.

"போன்ல பார்த்தா ஜொலிக்குது. தாள்ல பார்த்தா ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கே!"

திரையில் தெரிவது வெளிச்சம், தாளில் விழுவது மை என்று கொரீன் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. நிறத்தைத் திருத்தித் திருத்திப் புதுப்புது பைலாக அச்சகத்துக்கு அனுப்பினாள். அச்சகக்காரர் நார்பர்ட் மாதிரிக்கு அடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு ப்ரூஃபின் மூலையிலும் எண் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டினாள். மூன்றாவதில் மஞ்சள் கூடியிருந்ததை அவளே கண்ணால் பார்த்தாள். ஐந்தாவதில் நீலம் தூக்கல். ஏழும் தள்ளுபடி.

"அடுத்ததும் இப்படித்தான்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அந்த ஒரு வாடிக்கையாளரை நம்பித்தான் கொரீன் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஓர் அறை எடுத்திருந்தாள். பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. முதல் ப்ரூஃபையே எடுத்து, '1' ஸ்டிக்கரின் மேல் '8' ஸ்டிக்கரை ஒட்டி, கொண்டுபோய் நீட்டினாள்.

"இதுதான்! முதல்லேர்ந்து நான் கேக்கறது இதைத்தானே!"

கையெழுத்தும் போட்டுவிட்டார். கொரீனுக்குச் சந்தோஷம் வரவில்லை. தான் ஏமாற்றுக்காரி என்ற நினைப்பு, பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி, மறக்க மறக்க நாக்கில் தட்டுப்பட்டது. "முதல் பைலையே ஓட்டுங்க" என்று நார்பர்ட்டிடம் சொன்னபோது, ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. அதுவும் அவளை உறுத்தியது.

இன்று அந்தப் போன் வந்ததும், திருமதி ஹ்யூப்னர் வருவதற்கு அரை மணி முன்னதாகவே அச்சகத்துக்கு ஓடினாள்.

"நார்பர்ட், முதல் பைல்ல எனக்கு இன்னொரு ப்ரூஃப் வேணும். உடனே! எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

அவள் கையுறையைக் கழற்றுவதற்குள் அவர் உள்ளே போய் ஒரு தாளோடு வந்துவிட்டார்.

"இன்னும் வரலையேன்னுதான் பார்த்தேன்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அவசர அவசரமாக '1' என்று எழுதி ஒட்டினாள். கோணலாக விழுந்தது.

பூட்ஸிலிருந்த பனியை உதறிக்கொண்டு திருமதி ஹ்யூப்னர் வந்தார். கக்கத்தில் ஓர் ஊறுகாய் ஜாடி.

"எல்லாத்தையும் விளக்குக்குக் கீழ பரப்பு, பார்க்கலாம்."

கொரீன் ஒன்றை இந்தக் கோடியிலும் எட்டை அந்தக் கோடியிலுமாக, எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வைத்தாள்.

"இவ்ளோ தள்ளி வெச்சா எப்படித் தெரியும்? முதலாவதையும் கடைசியையும் பக்கத்துல வை. எங்கேர்ந்து எங்க வந்திருக்கோம்னு பார்க்க வேண்டாமா?"

அவரே இழுத்து வைத்தார். ஜாடியைத் திறந்து ஒரு வெள்ளரியை எடுத்து, ஒன்றின் மேல் பிடித்தார். பிறகு எட்டின் மேல்.

"பாரு, இது செத்த பச்சை. இதுல உயிர் இருக்கு. உனக்கே தெரியுதில்ல?"

"தெரியுது மேடம்."

வெள்ளரியிலிருந்து உப்புத் தண்ணீர் எட்டாவதின் மூலையில் சொட்டியது. ஸ்டிக்கர் நனைகிறதே என்று பதறி, கொரீன் கைக்குட்டையால் ஓர் அழுத்து அழுத்தித் துடைத்தாள். '8' கைக்குட்டையோடு வந்துவிட்டது.

அடியில் '1'.

"இது என்னடி கூத்து?" திருமதி ஹ்யூப்னரின் குரல் தணிந்திருந்தது. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது கொரீனுக்கு.

"ரெண்டும் ஒரே பச்சைதான் மேடம். எனக்கு வேற வழி தெரியல. நான் உங்களை ஏமாத்திட்டேன்."

"என்னை முட்டாளாக்கிட்டியே! அப்ப நடுவுல இருக்கற ஆறு?"

"அந்த ஆறும் நிஜமா நான் திருத்தினது மேடம். சத்தியமா! ராவும் பகலுமா உக்காந்து திருத்தினேன்."

அவர் ஜாடியை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். கொரீன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மைக் கையைத் துணியில் துடைத்தபடி நார்பர்ட் முன்னால் வந்தார்.

"அந்தப் பொண்ணைத் திட்டாதீங்கம்மா. அவ திருத்தினது நிஜந்தான், நான்தான் அதுல ஒண்ணையும் திறக்கல. பச்சைன்னு யாராவது வந்தாலே முதல் நாளே, முதல் பைல்லயே எட்டு ப்ரூஃப் அடிச்சு அடுக்கி வெச்சுடுவேன். முப்பது வருஷமா எட்டாவதுக்கு முன்னாடி யாரும் சரின்னு சொன்னதே இல்ல."