கதாநாயகனுக்குச் சவரம் செய்தது குறித்து

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் நலம் என்று உன் மகன் சொன்னான். அதைச் சொல்லிவிட்டுத்தான் என்னை வேலையிலிருந்து நிறுத்தினான்.

அவன் இயக்கும் துப்பறியும் தொடருக்கு நான்தான் ஒப்பனை. முதல் நாள், காலை ஆறு மணி. நாற்காலியில் கதாநாயகன், கண்மேல் ஈரப்பஞ்சு, நல்ல தூக்கம். கதைப்படி போலீஸ் அதிகாரி. முகத்தில் புதர்போலத் தாடி. பாவம், வீட்டிலிருந்து அப்படியே எழுந்து வந்துவிட்டார் என்று நினைத்தேன். முப்பது வருடமாக நான் கேமரா முன் அனுப்பிய போலீஸ்காரர்களின் கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும். நுரை தடவி மழித்துவிட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஐந்து மாதமாக வளர்த்த தாடி என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அடுத்து வில்லன். குழந்தைகள் மருத்துவர் வேடம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "வணக்கம்ணே, சாப்டீங்களா?" என்றார். இப்படியொரு வில்லனை நான் பார்த்ததில்லை. மனம் கேட்காமல் இடது கன்னத்தில் ஒரு வெட்டுத்தழும்பு ஒட்டினேன்.

உன் மகன் வந்தான். இருவரையும் பார்த்தான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏண்டா, யார் நல்லவன், யார் கெட்டவன்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரியக் கூடாது மாமா! பத்தாவது எபிசோடு வரைக்கும் எனக்கே தெரியாது!"

"அப்ப நான் எதை வச்சுடா மேக்கப் போடுறது?"

"நீங்க போட வேண்டாம். கிளம்புங்க."

அக்கா, இப்போது வரும் கதைகளில் கதாநாயகன் குடிக்கிறார், மனைவியை அழவைக்கிறார், கைதியை மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிடுகிறார். வில்லன் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். கொலை செய்துவிட்டுக் கை கழுவி, குழாயை ஒழுகாமல் மூடுகிறார். தப்பு என்று சொல்லவில்லை. நல்லவர்களாக்கி நான் அனுப்பிய பலரை, பவுடர் கலைத்த பிறகும் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு இந்த வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. இனி வேறு இடத்திலும் கூப்பிட மாட்டார்கள். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். நீ ஒரு வார்த்தை சொன்னால் அவன் கேட்பான்.

அத்தானுக்கு வணக்கம். உன் மகனுக்கு என் ஆசி; இப்போது நான் கொடுத்தால் வாங்க மாட்டான், நீயே வைத்திருந்து பிறகு கொடு.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: அவனிடம் எதுவும் பேசாதே. இப்போதுதான் அழைத்தான். கதாநாயகனின் மழித்த முகத்தைக் கேமராவில் பார்த்து எல்லாருக்கும் குலை நடுங்கிவிட்டதாம். அவர்தான் இனி வில்லன், மருத்துவர். தழும்புக்காரர் போலீஸ். நாளை முதல் நான் வேலைக்குப் போகிறேன். எழுதியது வீணாக வேண்டாமென்று இதை அனுப்புகிறேன். போனை வைக்கும்முன், "எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான்.

அனுபவம் என்றேன்.